அந்தப் பையனுக்கு விசுவாசம் குறையவில்லை

சனிக்கிழமை ராத்திரி, நோயைக் குணமாக்கும் ஜெபக் கூட்டத்தில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். வீடியோ எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. கோபத்தோடு எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். கோபம் தணிகிற வழியைக் காணோம், எழுதிவிடுகிறேன்.

சக்கர நாற்காலியில் வந்த பையனை மேடையில் ஏற்றினார்கள். இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, "விசுவாசி, நட" என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டார்கள். விழுந்தான். அப்புறம் ஊழியக்காரர் மைக்கில் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது: "விசுவாசக் குறைவு இருக்கு. வீட்டில் அறிக்கையிடாத பாவம் இருக்கு." உடனே அடுத்த பாட்டு. வீடியோ முடிகிற இடத்தில் அவன் அம்மா குனிந்து, கழன்று கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைக்கிறார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பையனுக்கு விசுவாசம் குறையவில்லை. அத்தனை பேர் முன்னால், உணர்ச்சியே இல்லாத இரண்டு காலை நம்பி நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டானே, அதற்கு மேல் எவ்வளவு விசுவாசம் வேண்டும் உங்களுக்கு?

ஏன் இவ்வளவு கொதிக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு. 2009-இல் என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரமே ஜெபிக்க வந்த ஒருவர் கட்டிலின் காலடியில் நின்று, "தம்பி, கர்த்தருக்கு விரோதமா என்ன செஞ்சன்னு யோசிச்சுப் பாரு" என்றார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அன்று ராத்திரி என்னிடம், பத்து வயதில் அப்பா சட்டைப் பையிலிருந்து காசு எடுத்ததைச் சொல்லி அழுதார். முப்பத்தைந்து வயது ஆள். முதுகு ஒடிந்த வலியை விட அந்த ஒரு வாக்கியம் அவரை அதிகம் படுத்தியது. அதைத் துடைத்து எடுக்க எங்களுக்கு வருஷங்கள் ஆயின.

"இயேசு திமிர்வாதக்காரனை எழுப்பவில்லையா, வேதத்தையே மறுக்கிறாயா?" என்று கேட்பீர்கள். மறுக்கவில்லை. வேதத்தை நானும் வாசிக்கிறேன். கை கால் விழுந்து, கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கப்பட்ட அந்தத் திமிர்வாதக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு அங்கே கண்டது "அவர்கள் விசுவாசத்தை", அதாவது சுமந்து வந்தவர்களையும் சேர்த்து. படுத்திருந்தவனை மட்டும் தனியே நிறுத்தி அவர் பரீட்சை வைக்கவில்லை. பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவனுக்கோ தன்னைக் குணமாக்கியது யார் என்றே தெரியாது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். அவர் மூடிய வாசலை நீங்கள் எதற்குத் திறக்கிறீர்கள்? அப்போஸ்தலன் பவுல் தன் உடம்பில் முள்ளாகக் குத்திய வேதனையை நீக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டும் அது எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்றுதான் பதில் வந்தது. பவுலுக்கும் விசுவாசக் குறைவா?

அற்புதம் நடக்கும் என்று நானும் நம்புகிறேன். இன்றைக்கும் ஜெபிக்கிறேன். நடக்காத இடத்தில் பழியை நோயாளி தலையில் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைப் பேசாதே" என்று இன்பாக்ஸில் வந்த நான்கு பேருக்குப் பதில் இல்லை. விழுந்தவனும் கர்த்தருடைய பிள்ளைதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இது நல்ல மனசோடு சொல்பவர்களுக்கு. "எல்லாத்துக்கும் ஒரு நோக்கம் இருக்கும்மா." 2009-இல் இதை எத்தனை பேர் சொன்னார்கள் என்று கணக்கில்லை. சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். நான் ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து, படுக்கைப் புண் வராமல் அவரைப் புரட்டிப் போடுவேன். பன்னிரண்டு, இரண்டு, நான்கு. அந்த நாலு மணிக்கு எனக்கு எந்த நோக்கமும் தெரிந்ததில்லை. "ஆண்டவரே, இருக்கீங்களா" என்று மட்டும் கேட்பேன். பதில் கேட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பதை நிறுத்தவும் இல்லை. எனக்குத் தெரிந்த நம்பிக்கை அவ்வளவுதான். பிடித்த கையை விடாமல் இருப்பது.

பிறகு வேலூர் பாகாயத்தில் இருக்கிற மறுவாழ்வு நிலையத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தோம். அங்கேதான் டாக்டர் மேரி வர்கீஸ் கதையைக் கேட்டேன். கொச்சிக்காரர். பெண்களுக்கான மருத்துவத்தில் பயிற்சியில் இருந்த இளம் டாக்டர். 1954-இல் வண்டி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது, முகத்திலும் பெரிய காயம். அவர் கால்கள் கடைசி வரை குணமாகவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் பாகாயத்தில் அந்த நிலையம் திறந்தது. என் வீட்டுக்காரர் தாமாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறக் கற்றுக்கொண்டது அவர் தொடங்கி வைத்த இடத்தில். இப்போது யோசியுங்கள். விபத்து நடந்த மறுநாள் ஒருவர் டாக்டர் மேரியின் கட்டிலருகே போய், "இதுக்கு ஒரு நோக்கம் இருக்கு" என்று சொல்லியிருந்தால் அது ஆறுதலா? அது கொடுமை. நோக்கம் வந்தது, உண்மை. அவரே தேடி, பல வருஷம் கழித்து, கர்த்தரும் அவருமாகக் கண்டுபிடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போகிற சாமான் இல்லை அது. வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அந்த ஏழு நாள்தான். பேச ஆரம்பித்த பிறகுதான் கர்த்தருக்கே கோபம் வந்தது.

எங்களோடு அப்படி உட்கார்ந்தவர் ஒருவர் உண்டு. எதிர் வீட்டு ஆச்சி. எங்கள் சபையும் இல்லை, எங்கள் மதமும் இல்லை. சாயங்காலம் வந்து, என் வீட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். காலில் உணர்ச்சி இல்லை பாட்டி என்றால், "எனக்கு இருக்கே" என்பார். ஆண்டவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த ஆச்சி வழியாகத்தான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். யாருக்குக் கோபம் வந்தாலும் சரி.

அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். என்னைத் திட்டுவதற்காகக்கூட அனுப்பாதீர்கள். அந்த அம்மா போனிலும் வாட்ஸ்அப் இருக்கிறது.

அந்தப் பையன் வீட்டு நம்பரைத் தெரிந்தவர் மூலம் வாங்கி, நேற்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். புதிதாக அடிபட்டவர்களோடு அவர் இப்படிப் பேசுவது வழக்கம். பையன் முதலில் பேசவே இல்லை. இவரும் வற்புறுத்தவில்லை, போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவன் மெதுவாகக் கேட்டான்: "அங்கிள், ராத்திரி யாரையும் எழுப்பாம நீங்களா எப்படிப் புரண்டு படுப்பீங்க?"

நாற்பது நிமிஷம் பேசினார்கள். தலையணையை எங்கே வைப்பது, கட்டில் ஓரத்தை எந்தக் கையால் பிடிப்பது, காலையில் கைக்கண்ணாடி வைத்துப் பின்பக்கம் சிவந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது. இடையில் கண்ணாடி எங்கே என்று என்னைக் கேட்டு வாங்கி, வீடியோ காலுக்கு மாறி, அதைப் பிடித்துக் காட்டினார்.