ரோடா ஏரியைச் சுற்றும் ரயில் எங்கே?

அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அருகே உள்ள லேக்சைடு கேளிக்கைப் பூங்காவின் வரலாற்றைப் பற்றிய உங்கள் கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். 1908-இல் 'ஒயிட் சிட்டி' என்ற பெயரில் திறக்கப்பட்டதையும், 1940-இல் வந்த சைக்ளோன் மர ரோலர் கோஸ்டரையும் அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அங்குள்ள ரோடா ஏரியைச் சுற்றி ஓடும் குட்டி ரயிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! அதன் பழைய நீராவி எஞ்சின்கள் 1904-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ஓடியவை. 1935-இல் பூங்காவை வாங்கிய பென் கிராஸ்னர் தம் மகள் ரோடாவின் பெயரையே ஏரிக்கும் வைத்தார். பின்னாளில் பூங்காவை நடத்தியவரும் அந்த மகள்தான். இதையெல்லாம் எப்படி விட்டீர்கள்?

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். எங்களுக்குப் பூங்கா என்றால் மலம்புழை அணைப் பூங்காதான். பாலக்காடு சென்னை மாநிலத்தில் இருந்தபோது, 1955-இல் காமராசர் திறந்துவைத்த அணை அது. ஐந்தாம் வகுப்புச் சுற்றுலாவில், சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்த யட்சி சிலைக்கு எதிரே புல்தரையில் உட்கார்ந்து, அம்மா வாழையிலையில் கட்டித்தந்த புளிச்சோற்றைப் பிரித்தேன். இலை வாடிக் கறுத்திருந்தது. நல்லெண்ணெய் மணம் இன்னும் நினைவில் இருக்கிறது. போன மாதம் என் பேத்தி அதே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பழைய ஊஞ்சலையும் ரயிலையும் கழற்றி இரும்புக்கடைக்கு அனுப்பாமல் பழுதுபார்த்து ஓட்டுகிறவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த ரயிலைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதுங்கள், ஐயா.