412 வரி, 37 வரி

பத்து வருஷமா ஓடின ஒரு ஷெல் ஸ்கிரிப்டை, அதாவது சர்வருக்கு வரிசையாகக் கட்டளை போடுகிற ஃபைலை, 412 வரியிலிருந்து 37 வரிக்குக் கொண்டுவந்தேன். ஆபீஸில் ஒரு ஈ காக்கா கவனிக்கவில்லை. திரையில் புதுசா ஒரு பட்டன் வைத்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

ராயபுரத்தில் சரக்கு கிளியரிங் பார்க்கிற சின்ன ஆபீஸ் எங்களுடையது. மாடிப்படிக்குக் கீழே ஒரு டெபியன் (லினக்ஸ் வகை) சர்வர். பேக்கப் எடுக்கணும், பழைய லாக்கை (சர்வர் எழுதிவைக்கிற பதிவுகளை) அழிக்கணும், டிஸ்க் நிறைந்தால் மெயில் அனுப்பணும். ஸ்கிரிப்டின் வேலை அவ்வளவுதான், மீதி வரிகள் முழுக்க பயம். ராத்திரி கரண்ட் போய் மெஷின் அணைந்துவிட்டால்? நேற்று ஓடியதா என்று தேதி பார்க்க 60 வரி. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று கிளம்பிவிட்டால்? பிராசஸ் நம்பரை (ஓடுகிற புரோகிராமுக்கு சிஸ்டம் தரும் எண்) ஒரு ஃபைலில் எழுதிவைத்துச் சரிபார்க்க 45 வரி. அதுவும் ஓட்டை. கரண்ட் போனால் ஃபைல் மட்டும் அப்படியே கிடக்கும், அந்த நம்பர் வேறு எதற்கோ போயிருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்து ஸ்கிரிப்ட் கமுக்கமாகத் திரும்பிவிடும்.

இதற்கெல்லாம் சிஸ்டத்திலேயே ஆள் இருக்கு. கடைசியாக ஓடிய தேதியை அனாக்ரான் என்கிற புரோகிராம் குறித்து வைத்துக்கொண்டு, மெஷின் எழுந்ததும் விட்டுப்போனதை ஓட்டும். ஒரே நேரத்தில் ரெண்டு ஓடாமல் பூட்டுகிற ஃப்ளாக் (flock) கட்டளையைப் போட்டால், பூட்டு கெர்னல் கையில், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி கையில். பிராசஸ் செத்தால் பூட்டும் தானாகத் திறந்துகொள்ளும். பழைய லாக்குகளை லாக்ரொட்டேட் பார்த்துக்கொள்ளும். (தமிழில் எழுதினால் பூட்டும் லாக்குதான், பதிவும் லாக்குதான். அதனால்தான் பூட்டு என்றேன்.)

இவ்வளவும் இருக்கும்போது அந்த 412 வரியை எழுதின புண்ணியவான் யார் என்று கேட்காதீங்க. நான்தான்.

தண்டையார்பேட்டையில் எங்க வீட்டுக் குழாயில் இப்போ தண்ணி வருது. அம்மா இன்னும் ரெண்டு டிரம், எட்டு குடம் நிரப்பித்தான் வைக்கிறாங்க. 2019 கோடையில் லாரிக்குப் பின்னாடி ஓடினவங்க, அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். என் கதை அப்படியில்லை. குழாய் பக்கத்திலேயே இருந்தது, நான் திறந்தே பார்க்கவில்லை.

குறைக்கிறது சுலபம் என்று மட்டும் நினைக்காதீங்க. ஒரு வரி எழுத அரை நிமிஷம் போதும். அதை அழிக்கிறதுக்கு முன்னாடி அது ஏன் அங்கே வந்தது என்று தெரிஞ்சாகணும். எனக்கும் அடி விழுந்தது. வேலைகளைத் தனித்தனி ஃபைலாகப் பிரித்து கிரான் டெய்லி ஃபோல்டரில் (தினமும் தானாக ஓட வேண்டியதை வைக்கிற இடம்) போட்டேன். பதினோரு நாள் கழித்து, புதுசா சேர்ந்த பொண்ணு கேட்டா:

"அண்ணா, 3-ஆம் தேதிக்கு அப்புறம் பேக்கப்பே இல்லையே?"

ஃபைலுக்கு நான் வைத்த பெயர் 'பேக்கப் டாட் எஸ்ஹெச்'. அந்த ஃபோல்டரில் இருப்பதை ஓட்டுகிற ரன்பார்ட்ஸ் என்கிற புரோகிராம், பெயரில் புள்ளி இருந்தால் அதைத் தொடாது. எரர் கிடையாது, மெயில் கிடையாது. மேனுவலில் தெளிவாகவே எழுதியிருக்கு. எதையும் ஓட்டாமல், எதெல்லாம் ஓடும் என்று மட்டும் காட்ட டெஸ்ட் ஆப்ஷனும் இருக்கு. பத்து செகண்ட் வேலை, நான் செய்யவில்லை. புள்ளியை எடுத்தேன், ஓடியது. அந்தப் பதினோரு நாளில் டிஸ்க் சாகாதது என் அதிர்ஷ்டம்.

37 வரியில் 'ஸ்லீப் 90' (90 செகண்ட் சும்மா காத்திரு) என்று ஒரு வரி இன்னும் நிற்கிறது. எதற்காகப் போட்டேன் என்று சுத்தமாக ஞாபகம் இல்லை. எடுத்துப் பார்க்கலாமே என்று அந்தப் பொண்ணு ரெண்டு தடவை சொல்லிட்டா. வெள்ளிக்கிழமை வேண்டாம்மா, திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன். மூணு திங்கட்கிழமை போயாச்சு.