வியன்னாவின் முதல் காபிக்கடை யாருடையது?

1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட உதுமானியப் படை விட்டோடிய மூட்டைகளில் இருந்த காபிக்கொட்டைகளைப் பரிசாகப் பெற்று, கொல்ஷிட்ஸ்கி என்பவர் அந்நகரின் முதல் காபிக்கடையைத் திறந்தார் என்ற செய்தி இன்றும் பரவலாகப் பகிரப்படுகிறது. இது சரியன்று. மாறுவேடத்தில் முற்றுகையைக் கடந்து செய்தி கொண்டுசென்ற அவருடைய துணிவு உண்மை. அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காபிக்கடைக் கதையோ, நூறாண்டுகள் கழித்து 1783இல் காட்ஃபிரீட் ஊலிஷ் என்ற பாதிரியார் எழுதிய முற்றுகை வரலாற்றின் வழியே பரவியது.

ஆவணங்கள் காட்டும் பெயர் யோகானஸ் தியோதாத்தோ. இஸ்தான்புல்லிலிருந்து வந்து வியன்னாவில் குடியேறிய ஆர்மீனிய வணிகரான இவர், அரசவைக்குத் தூதராகவும் ஒற்றராகவும் ஆற்றிய பணிக்குக் கைம்மாறாக, காபி தயாரித்து விற்கும் தனியுரிமையை 1685 ஜனவரி 17 அன்று 20 ஆண்டுகளுக்குப் பெற்று, ரோட்டன்டூர்ம் தெருவில் இருந்த தம் வீட்டிலேயே கடை நடத்தினார். கீழைநாட்டு வணிகத்தை நன்கறிந்த ஒரு குடியேறியின் உழைப்பைத் தற்செயலாகக் கிடைத்த மூட்டைகளின் கதை மறைத்துவிட்டது வருத்தத்துக்குரியது. கொல்ஷிட்ஸ்கிக்கு 1885இலேயே சிலை எழுந்த அந்நகரம், தியோதாத்தோவின் பெயரை ஒரு பூங்காவுக்குச் சூட்டியது 2004இல்தான்.