கிருமி இருப்பது வேறு, நச்சு விடுவது வேறு
மலத்தில் குளொஸ்ட்ரிடியம் டிபிசில் என்ற, வயிற்றோட்டம் தரக்கூடிய குடல் கிருமி தென்பட்டாலே நோய்தான் என்று இங்கே வந்த கட்டுரையில் எழுதியிருப்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. குடலைப் புண்ணாக்குவது அந்தக் கிருமி விடும் ஏ, பி என்ற நச்சுகள். அவற்றுக்கான மரபணுவே இல்லாத வகைகளும் உண்டு, அவை வயிற்றோட்டம் தருவதில்லை. ஒரு வயது நிரம்பாத பிள்ளைகளில் பலர் நச்சு விடும் வகையையே குடலில் வைத்துக்கொண்டு ஒரு குறையுமில்லாமல் தவழ்ந்து திரிகிறார்கள். கல்முனையில் இருக்கும் எங்கள் பெரியப்பா, நியூமோனியாவுக்கு அன்ரிபயோட்டிக் ஏற்றி வீடு வந்த பிறகு இந்த வயிற்றோட்டத்தில் படுத்தார். மருந்தில் அது நின்ற பின்னும், 'கிருமி போயிட்டுதா எண்டு பாருங்கோ' என்று நாங்கள் விடவில்லை. டொக்டர் மறுத்துவிட்டார்: குணமான ஆளின் மலத்திலும் கிருமி வாரக்கணக்கில் தென்படலாம், அதைப் பார்த்து மருந்து கொடுப்பதில்லையாம். சரியான பேச்சு. இந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையை உடனே போடச் சொல்கிறார். நச்சு உள்ளேயே தங்கிவிடும் என்ற பயத்தில் இந்த நோய்க்கு டொக்டர்மார் பொதுவாக அதைத் தவிர்ப்பார்கள். மற்றது, நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஸ்பிரிட் ஜெல்லுக்கு இதன் வித்திகள், அதாவது தடித்த உறைக்குள் உறங்கிக் கிடக்கும் கிருமிகள், சாகாது.