இடமாற்றத்தையும் பாருங்கள்
சம்பளத்தையும் வெகுமதியையும் கூட்டினால் இலங்கைப் பொலிஸார் வேலையை விட்டுப் போகமாட்டார்கள் என்று கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. சம்பளம் வேண்டும்தான். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆக்குவதாக அறிவித்தபோது எங்கள் வீட்டிலும் சந்தோஷப்பட்டோம், கட்டம் கட்டமாகத்தான் வரும் என்றாலும். ஆனால் கிழக்கே மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியில் பிறந்து வளர்ந்த என் தம்பி, தெற்கில் ஒரு நிலையத்தில் கான்ஸ்டபிளாக இருக்கிறான். லீவு கிடைத்தால் அதில் பாதி பஸ்ஸிலேயே போய்விடும். போன முறை வந்தவன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் தூங்கிவிட்டான். அவன் மகள் கிட்ட வரக் கூச்சப்பட்டு அம்மம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றாள். வேலையை விட்டுவிடு என்று அவன் மனைவி சொல்வது சம்பளம் போதாது என்பதால் இல்லை, இந்தத் தூரத்தால்தான். அதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய கல்முனை வாசகர் ஒருவர், வெகுமதி கூடினால் உற்சாகம் வரும் என்கிறார். போதைப்பொருள், துப்பாக்கி பிடித்தவருக்கு அது சரி. புருஷனிடம் அடி வாங்கி வந்த பெண்ணுக்கு முன்னால் இருந்து, அவள் அழுது முடியும்வரை பொறுத்து, தமிழிலேயே வரி வரியாக முறைப்பாடு எழுதுகிறவருக்கு எந்தக் கணக்கில் வெகுமதி கொடுப்பது? கிழக்கில் அப்படி எழுதக்கூடிய ஆட்கள்தான் அதிகம் தேவை. சொந்த ஊரில் போட்டால் பக்கச்சார்பு வரும் என்பார்கள். சரி, மட்டக்களப்புக்காரரைப் பக்கத்து மாவட்டமான அம்பாறையிலும் அம்பாறைக்காரரை மட்டக்களப்பிலும் போடலாமே. தூரத்தில் போடுவதென்றால் இத்தனை வருஷம்தான் என்று முதலிலேயே எழுத்தில் கொடுக்கட்டும், அப்புறம் வெகுமதியைப் பற்றிப் பேசலாம்.