பாடகர் போனால் குழு முடிந்துவிடுமா?
பாடகர் விலகியதும் ராக் குழு சரிந்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவின் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரியில் இறந்தார். ஜூலையிலேயே புதுப் பாடகர் பிரையன் ஜான்சன் பாடி ‘பேக் இன் பிளாக்’ ஆல்பம் வெளிவந்து உலகமெங்கும் சக்கைப்போடு போட்டது. மெட்டுக் கட்டிய யங் சகோதரர்கள் குழுவில் இருந்தார்களே! நம் பினாங்கு இசைக்குழு அலிகேட்ஸையும் பாருங்கள், அதில் பாடிய தம்பி லோகநாதன் 2007-இல் மறைந்த பிறகும் அண்ணன் டேவிட் ஆறுமுகம் மேடையேறிக்கொண்டுதான் இருந்தார். என் சித்தப்பா ஜார்ஜ்டவுனில் ஒரு குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அவர்களுடைய பாடகர் கடைசிவரை இருந்தார், நல்ல குரல். ஆனால் பாட்டு எழுதியவர் வேலை கிடைத்துச் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அப்புறம் புதுப் பாட்டே இல்லை. கல்யாண விருந்துகளில் அதே நான்கு பாட்டு. ஆட்கள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிராமல் கை தட்டுவார்கள். பட்டர்வொர்த்தில் ஒரு விருந்து முடிந்து ஃபெரியில் திரும்பும்போது, “இன்று வாசித்தது எதுவும் எனக்கு நினைவில்லை” என்று சித்தப்பா சொன்னார். அடுத்த வாரமே டிரம்ஸை விற்றுவிட்டார். குச்சிகளை மட்டும் இன்னும் வைத்திருக்கிறார்.