இம்பாக்ட் ஃபேக்டர் ஆய்வாளருக்குப் போடும் மதிப்பெண் அல்ல

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதிகளிலிருந்து வாளையாறு தாண்டிக் கோவைக்குப் படிக்கச் செல்லும் நம் மாணவர்களிடையே, “நோபல் பெற்ற செல் உயிரியலாளர் யோஷினோரி ஒசுமியின் இம்பாக்ட் ஃபேக்டர் மிக உயர்ந்தது, அது குறைந்த ஆய்விதழில் எழுதுபவரின் ஆய்வுக்கு மதிப்பில்லை” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றி வருகிறது. இது தவறு.

இம்பாக்ட் ஃபேக்டர் தனிமனிதருக்குரிய அளவே அல்ல. ஓர் இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு ஓராண்டில் பிற ஆய்வுக் கட்டுரைகளில் கிடைத்த மேற்கோள்களை, அந்த 2 ஆண்டுகளின் கட்டுரை எண்ணிக்கையால் வகுத்துப் பெறும் சராசரி அது. சில கட்டுரைகளே பெரும்பங்கு மேற்கோள்களை ஈர்த்துக்கொள்வதால், தனியொரு கட்டுரையின் தரத்தைக்கூட அது காட்டாது. ஆய்வாளருக்குக் கணக்கிடப்படுவது, இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த எச்-இண்டெக்ஸ்: தலா 20 மேற்கோளேனும் பெற்ற 20 கட்டுரைகள் இருந்தால் 20. அதுவும் மூத்தவர்களுக்கே சாதகமானது என்பதால், இளம் ஆய்வாளரை அதைக் கொண்டு எடைபோடுவது நியாயமாகாது.

ஒசுமியின் வரலாறோ அந்தச் செய்திக்கு நேர்மாறானது. ஈஸ்ட் செல் தன் பகுதிகளைத் தானே சிதைத்து மீண்டும் பயன்படுத்தும் ஆட்டோஃபேஜிக்குத் தேவையான குறைந்தது 15 மரபணுக்களைச் சுட்டிய கட்டுரையை, அவரும் மாணவி ட்சுகாடாவும் 1993இல் ‘ஃபெப்ஸ் லெட்டர்ஸ்’ என்ற ஆடம்பரமற்ற இதழில்தான் வெளியிட்டனர். 2016இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு அடிப்படையான கட்டுரைகளுள் அதுவும் ஒன்று.

இதழின் அளவீட்டை வைத்து ஆய்வாளரின் நியமனத்தையோ பதவி உயர்வையோ நிதியையோ தீர்மானிக்கக் கூடாது என்று கோரும் பிரகடனம், 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்க செல் உயிரியல் சங்கக் கூட்டத்திலேயே உருவானது.